இடுக்கிலிருந்து நீண்ட கை

பலராமனுக்கு முதலில் வலி வரவில்லை. சத்தம்தான் வந்தது.

ராஜகோபுரத்துக்கு எதிரே, சன்னதித் தெருவில், பதினாறு வருடமாக அவர் செருப்புக் காக்கும் கடை வைத்திருந்தார். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மேலே தகரம், கீழே தார்ப்பாய், சுவரோரம் தாழ்வான மரச்சட்டங்கள், ஒரு டப்பா நிறையத் தகர டோக்கன்கள். கோயிலுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனால், குந்தி உட்கார்ந்து ஜோடி சேர்த்து, சட்டத்தில் செருகி, டோக்கன் கொடுப்பார். அவர்கள் திரும்பி வந்தால் மறுபடியும் குந்தி எடுத்துக் கொடுப்பார். சாதாரண நாளிலேயே இருநூறு தடவை குந்தி எழுவார். பௌர்ணமி என்றால் எத்தனை தடவை என்று யாருக்கும் தெரியாது.

அன்று ஒரு வெளியூர்க் குடும்பத்தின் செருப்புகளை எடுத்துக் கொடுத்துவிட்டு எழுந்தபோது, நறநறவென்று ஒரு சத்தம் கேட்டது. சாதத்தில் கிடந்த மணலை மென்றால் வருமே, அந்த மாதிரி. பலராமன் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர் மட்டுமே இருந்தது.

ஏன் திரும்பினார் என்றால், அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். எட்டு வருடம் வீட்டில் கேட்ட சத்தம். அவர் மனைவி சந்திரம்மாள் அடுப்படியில் குந்தி எழும்போதெல்லாம் அவளுடைய வலது முட்டியிலிருந்து வரும். அவள் செத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

மறுபடியும் குந்திப் பார்த்தார். எழுந்தார். சத்தம் வந்தது. அவருடைய வலது முட்டியிலிருந்துதான் வந்தது.

"இன்னா மாமா, குந்திக் குந்தி எழுந்துக்கினு இருக்கே? தோப்புக்கரணமா?" என்று பக்கத்துப் பூக்கடை மணிவேல் கேட்டான்.

பலராமன் ஒரு ஜோடிச் செருப்பை எடுத்துத் தூசி தட்டினார். அவள் என்னிடம் வந்துவிட்டாள் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

சந்திரம்மாளுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. ஒரே மகள் கவிநிலா அரசாங்கப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று, சாப்பிடாமல் படுத்துக் கிடந்தபோது, கோயிலுக்குப் பின்னால் நிற்கும் மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டாள். பெண்ணுக்கு வேலை கிடைத்தால் நாற்பத்தெட்டுப் பௌர்ணமி, வெறுங்காலோடு, ஒரு பௌர்ணமிகூட விடாமல் கிரிவலம் வருகிறேன் என்று. மூன்றாவது தடவையில் கவிநிலாவுக்கு வேலை கிடைத்தது. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசில். சந்திரம்மாள் நடக்க ஆரம்பித்தாள்.

கிரிவலம் பதினான்கு கிலோமீட்டர். முட்டி தேய்ந்தவளுக்கு அது எவ்வளவு தூரம் என்று பலராமன் அப்போது யோசித்ததில்லை. பௌர்ணமியன்றுதான் கடையில் கூட்டம். அதனால் அவள் பக்கத்து வீட்டுப் பெண்களோடு போய்விட்டு வருவாள். வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொள்வாள். முட்டி பன் மாதிரி வீங்கியிருக்கும்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமாங்க?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"போனா கட் பண்ணி இரும்பு வெக்கணும்பான். நம்ம தெரு முனை வீட்டம்மா ஒரு வருசமா நடக்காம கெடந்துச்சே, பாத்தல்ல? ரெண்டு மாத்திரை வாங்கியாறேன், போட்டுக்கினு நட."

மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கொடுத்தார்கள். வெள்ளை மாத்திரை, பச்சை அட்டை. போட்டால் ஒரு மணி நேரத்தில் வலி கம்மியாகிவிடும். முதலில் பௌர்ணமிக்கு முன்னால் மட்டும் போட்டாள். அப்புறம் வாரத்துக்கு இரண்டு தடவை. அப்புறம் அட்டை தீர்ந்ததும் பலராமனே கேட்காமல் வாங்கி வந்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிடுவார். மனைவிமேல் அக்கறையுள்ள புருஷன் என்று தன்னைப் பற்றி அவருக்கு ஒரு நினைப்பு இருந்தது.

நாற்பத்தொன்றாவது பௌர்ணமியன்று அவள் முகம் வெளுத்திருந்தது. அதனால் கடையை மணிவேலிடம் விட்டுவிட்டு, விடியற்காலையிலேயே அவரும் கூடக் கிளம்பினார். அவள் தன்னுடைய நீல ரப்பர் செருப்பை மற்றவர்கள் மாதிரியே கடைச் சட்டத்தில் விட்டாள். விளையாட்டுக்காக டோக்கனும் கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"தொலைஞ்சா நீங்கதான் புதுசு வாங்கித் தரணும்" என்றாள்.

கிரிவலப் பாதையின் எட்டு லிங்கக் கோயில்களில் ஏழாவதான குபேர லிங்கம் தாண்டியதும் இடுக்குப் பிள்ளையார் கோயில். ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத சின்ன மண்டபம் அது. பின்பக்கத் துளையில் நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, உடம்பை நெளித்து நகர்ந்து, முன்பக்கத் துளை வழியே வெளியே வர வேண்டும். வந்தால் கைகால் வலி, முட்டி வலி எல்லாம் போகும் என்று ஜனங்களுக்கு நம்பிக்கை. சந்திரம்மாள் நாற்பது தடவையும் நுழைந்து வந்திருந்தாள். பலராமன் வெளியே வாசலில் நின்றார். முதலில் அவள் தலை தெரிந்தது. அப்புறம் ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. கண்ணாடி வளையல், மணிக்கட்டில் மண்.

"இன்னாங்க, கையக் குடுங்க. முட்டி மடங்கல."

சுற்றிலும் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். பலராமனுக்குச் சிரிப்பு வந்தது. "நீயே வா. ராத்திரி சோத்தக் கொறைன்னா கேக்கறியா? பிள்ளையாரே நசுங்கிப்பூட்டாரு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் உள்ளேயிருந்து சிரித்தாள். கை கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது. பிறகு உள்ளே போய்விட்டது. தரையை ஊன்றி, எப்படியோ அவளே வெளியே வந்தாள்.

வந்தவள் வயிறு எரிகிறது என்றாள். பலராமன் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். மீதிச் சுற்றை எப்படியோ முடித்து, செருப்பை எடுக்கக்கூட கடைக்கு வராமல், கட்டிய புடவையோடே வீட்டில் போய்ப் படுத்தாள். மறுநாள் வெளிக்குக் கறுப்பாகப் போனது. அதற்கு மறுநாள் ரத்த வாந்தி. ஆஸ்பத்திரியில், குடலில் புண் வெடித்திருக்கிறது என்றார்கள். "வலி மாத்திரை போடுவாங்களா? எத்தனை?" என்று டாக்டர் கேட்டார். "எப்பவாவது ஒண்ணு சார்" என்றார் பலராமன். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். புடவையை ஆஸ்பத்திரியிலேயே கிழித்து எடுத்திருந்தார்கள். முந்தானையில் முடிந்த டோக்கன் எங்கே போனதென்று தெரியவில்லை.

டோக்கன் வராமல் செருப்பை எடுக்கக்கூடாது என்பது கடையின் சட்டம். நீலச் செருப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

வருடத் திதி முடிந்ததும் மீதி ஏழு சுற்றையும் தானே நடப்பதாக பலராமன் சொன்னார். கவிநிலா தடுத்துப் பார்த்தாள்.

"உனக்கே முட்டி வலிக்குதுன்னு மணிவேல் அண்ணன் சொன்னாரு."

"வலிச்சா வலிக்கட்டும்."

அந்த வலி தனக்கு வந்தது நியாயம் என்று அவர் நம்பினார். மாத்திரை போடவில்லை, தைலம் தடவவில்லை. வலியைப் போக்கினால் அவளைப் போக்கியது மாதிரி என்று நினைத்தார்.

கிரிவலப் பாதையில் இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டும். வலப்பக்கம், மலையை ஒட்டிய பக்கம், கண்ணுக்குத் தெரியாமல் சித்தர்கள் நடக்கும் பக்கம் என்று விட்டுவிடுவார்கள். பலராமன் இரண்டாவது சுற்றிலேயே வழியில் ஒரு மூங்கில் தடி வாங்கினார். வலது முட்டிதானே வலிக்கிறது என்று வலது கையில் பிடித்துக்கொண்டார். ஒவ்வோர் அடிக்கும் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் அந்தப் பக்கம் யாரோ கூட நடப்பது போல இருக்கும். தன் முட்டி ஒரு தடவை நறநறத்தால், அரை நொடி கழித்து இன்னொரு தடவை கேட்கும். திரும்பினால் வெயிலும் மலையும்தான்.

இடுக்குப் பிள்ளையார் வந்தால் அவரால் தாண்டிப் போக முடியாது. முன்பக்க வாசலுக்கு எதிரே தடியை ஊன்றி நின்றுவிடுவார். உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். நாற்பத்தொன்றாவது தடவை உள்ளே போனவள் இன்னும் வெளியே வரவில்லை, வந்தது வேறு யாரோ, மூன்று நாள் இருந்துவிட்டுப் போனது வேறு யாரோ என்று அவருக்குத் தோன்றும். யாராவது கையை வெளியே நீட்டினால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆறாவது சுற்று முடிந்து வீட்டுக்கு வந்தபோது முட்டி மடங்கவில்லை. இரண்டு நாள் கழித்தும் மடங்கவில்லை. கவிநிலா ஆபீசுக்கு லீவு போட்டு, ஆட்டோ வைத்து, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, முட்டித் தேய்மானம், ஆனால் கத்தி வைக்கிற அளவுக்கு இல்லை என்று சொல்லி, பக்கத்து அறையில் பயிற்சி கொடுக்கும் ஆர்த்தியிடம் அனுப்பினார்.

ஆர்த்திக்கு முப்பது வயதுகூட இருக்காது. செங்கம் ரோட்டுக்காரி. வேகமாகப் பேசினாள்.

"அந்தத் தடிய ஏன்ப்பா இந்தக் கையில புடிச்சிருக்கீங்க?"

"இந்த முட்டிதானம்மா வலிக்குது."

"எல்லாரும் இதத்தான் செய்வாங்க. வலிக்கிற பக்கமே புடிச்சா உடம்பு பாரம் மொத்தமும் அந்தப் பக்கமே சாயும். வலது முட்டின்னா தடி இடது கைக்குப் போவணும். வலது காலும் தடியும் ஒண்ணா முன்னால வரணும். நடந்து காட்டுங்க."

பலராமன் தடியை மாற்றி நான்கு அடி வைத்தார். வலி பாதியாகக் குறைந்தது. அவர் நின்றுவிட்டார்.

"பாத்தீங்களா? இன்னா வேலை செய்யறீங்க?"

"செருப்பு கடை. கோயிலாண்ட. காக்கற கடை."

"அப்ப நாளெல்லாம் குந்தறீங்க. அதான் மொதல்ல நிறுத்தணும். ஒயரமா ஸ்டூல் போட்டு ஒக்காருங்க, சட்டத்த இடுப்பு ஒயரத்துக்கு ஏத்துங்க. வீட்லயும் தரையில ஒக்காராதீங்க. வெறுங்கால்ல நடக்கறீங்களா? மெத்துன்னு செருப்பு போடுங்க. உடம்புல ஒரு கிலோ கொறைச்சா முட்டி மேலேருந்து நாலு கிலோ பாரம் எறங்கும். சோறு கம்மி, காய் ஜாஸ்தி."

பிறகு ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, காலை நேராக நீட்டித் தொடையை இறுக்கச் சொன்னாள். "அஞ்சு எண்ணுங்க. விடுங்க. இப்படிப் பத்து. காலையில ஒரு தரம், சாயந்தரம் ஒரு தரம். படுத்துக்கினு முட்டிக்குக் கீழ துண்ட சுருட்டி வெச்சு அமுக்குங்க. தொடையில சதை கெட்டியானா முட்டியோட பாரத்த அது தாங்கும். வெந்நீர்ப் பை வைக்கலாம். மேல தடவ டாக்டர் களிம்பு எழுதியிருக்காரு. மாத்திரை மட்டும் நீங்களா வாங்கித் திங்காதீங்க. அவரு எழுதுனா மட்டும், எழுதுன நாளைக்கு மட்டும். மூணு மாசம் விடாம செஞ்சா நல்லா தெரியும். ஒரே வாரத்துல தெரியலன்னு என்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது, ஆமா."

அவள் சிரித்தாள். பலராமன் சிரிக்கவில்லை.

"இந்த வைத்தியமெல்லாம் எப்பலேந்தும்மா இருக்குது?"

"எது?"

"இதான். தடிய மாத்திப் புடிக்கறது. கால நீட்டி அஞ்சு எண்ணறது."

"இது இன்னாப்பா கேள்வி? எப்பவுமே இருக்குது. நானே அஞ்சு வருசமா இதே ரூம்ல சொல்லிக்கினு இருக்கேன்."

பலராமன் எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஆட்டோவில் கவிநிலா ஏதோ பேசினாள். அவர் காதில் விழவில்லை. ஐந்து வருடமாக இதே அறை. வீட்டிலிருந்து பத்து நிமிடம். மாத்திரை, இல்லாவிட்டால் கத்தி, இரண்டே வழிதான் என்று நினைத்திருந்தார். நடுவில் இவ்வளவு இருந்திருக்கிறது. ஒரு ஸ்டூல். ஒரு துண்டு. அஞ்சு வரை எண்ணுவது.

ஆர்த்தி கொடுத்த படம் போட்ட காகிதத்தை வீட்டுக்கு வந்ததும் மடித்துச் சட்டைப் பையில் போட்டார். எடுக்கவே இல்லை. தடி மறுபடியும் வலது கைக்கே வந்தது. மகள் கேட்டால் செய்தாயிற்று என்றார்.

மதியம் கோயில் நடை சாத்தியதும் சன்னதித் தெரு ஓய்ந்துவிடும். மணிவேல் பூக்கூடைமேல் ஈரத்துணி போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான். அந்த நேரத்தில் பலராமன் காலை அசைக்காமல் தார்ப்பாயில் உட்கார்ந்திருப்பார். அசைக்காமல் இருக்கும்போதும் நறநற என்று கேட்க ஆரம்பித்தது. மூன்றாவது சட்டத்தின் பக்கமிருந்து. நீலச் செருப்பு இருக்கும் பக்கம். யாரோ அங்கே குந்தி, எழுந்து, மறுபடி குந்துவது மாதிரி. ஒரு நாள் அவர் மெல்ல, "சந்திரா, எனக்குத் தெரியாதும்மா" என்றார். சத்தம் நின்றது. அது இன்னும் பயமாக இருந்தது.

ஒரே ஒரு சுற்று மீதி. அதை முடித்துவிட்டால் அவள் கடன் தீரும், தன்னை விட்டுவிடுவாள் என்று நினைத்தார். ஆனால் இந்தக் காலோடு பதினான்கு கிலோமீட்டர் முடியாது. அடுத்த பௌர்ணமிக்கு முந்தின நாள் சாயந்தரம், கடையை மூடிவிட்டு மெடிக்கலுக்குப் போனார். எந்த மாத்திரை என்று கேட்டார்கள். வெள்ளை மாத்திரை, பச்சை அட்டை என்றார். அதே அட்டையைக் கொண்டு வந்து, பழக்கத்தில், சாமி படத்துக்குக் கீழே வைத்தார்.

விளக்கேற்ற வந்த கவிநிலா அதைப் பார்த்தாள். தீக்குச்சி அவள் கையிலேயே எரிந்து அணைந்தது.

"இது இன்னாப்பா?"

"நாளைக்கு ஒரு நாளைக்குத்தான்."

"அம்மா போட்ட மாத்திரை."

"ஆமா. அம்மா போட்டதுதான். நான் வாங்கிக் குடுத்ததுதான்." பலராமன் குரல் உயர்ந்தது. "நான்தான் கொன்னேன். போதுமா? ஊர் பூரா செருப்ப காப்பாத்துனேன், பொண்டாட்டிய விட்டுட்டேன். அவ போட்டத நானும் போட்டுக்கினு நடக்கறேன். எனக்கும் வயிறு வெடிச்சா வெடிக்கட்டும்."

கவிநிலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"நீ மட்டும் வாங்கித் தரலப்பா."

"இன்னா?"

"நானும் வாங்கியாந்தேன். ஆபீஸ் விட்டு வர்றப்ப. மாசம் ரெண்டு அட்டை. அம்மாதான் கேட்டாங்க. அப்பா வாங்கறது பத்தல, சொன்னா மனசு கஷ்டப்படுவாருன்னாங்க. பேரு வேற, நெறம் வேற. மஞ்சள் அட்டை. வேற மருந்துன்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, ரெண்டும் ஒரே மாதிரி வலி மாத்திரைதான். ரெண்டையும் சேத்து அம்மா ஒரு நாளைக்கு நாலு போட்டிருக்காங்க."

பலராமன் சாமி படத்துக்குக் கீழே இருந்த அட்டையைத் திரும்பிப் பார்த்தார்.

"டாக்டர் உன்ன எத்தனைன்னு கேட்டாரே, அப்ப நான் உன் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். நீ ஒண்ணுன்னே. நான் வாயே தொறக்கல. எனக்காகத்தானேப்பா அம்மா நடந்தாங்க. என் வேலைக்காக." அவள் அழவில்லை. அழுது முடித்து நாளான குரல் அது. "நீ அந்தச் சத்தம் கேக்குதுன்னு திரும்பித் திரும்பிப் பாப்பியே, எனக்குத் தெரியும். எனக்கும் கேக்கும். ஆபீஸ்ல, பஸ்ஸுல. நீ இந்த மாத்திரைய விழுங்குனேன்னா நான் இந்த வீட்ல தனியா அந்தச் சத்தத்த எப்படிக் கேப்பேன்?"

சாமி படத்துக்குக் கீழே விளக்கு ஏற்றாமலே இருந்தது. பலராமன் அட்டையை எடுத்தார். பத்து மாத்திரையையும் ஒவ்வொன்றாகப் பிதுக்கி, சாக்கடைத் துளையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து மகளிடம் நீட்டினார். வேர்வையில் ஊறி, மடிப்பில் கிழிந்திருந்தது.

"கண்ணாடி இல்லாம படிக்க முடியல. இன்னா போட்டிருக்குது, சொல்லு."

மறுநாள் பௌர்ணமி. அவர் நடக்கவில்லை. ஒரு பௌர்ணமிகூட விடாமல் என்ற வேண்டுதல், அவள் சாவோடு ஒரு தடவை உடைந்தது, மறுபடியும் உடைந்தது. மலையைப் பார்த்துக் கும்பிட்டு, கொஞ்சம் பொறு என்று மட்டும் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

தினமும் காலையில் கவிநிலா ஆபீசுக்குக் கிளம்பும் முன், அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவார். அவள் தலை பின்னிக்கொண்டே எண்ணுவாள். நாலுக்கே காலைக் கீழே விட்டால், "அஞ்சு எங்கப்பா? ஏமாத்தாத" என்பாள். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவை நீட்டும்போதும் அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்கும். இருவரும் கேட்காதது போல எண்ணுவார்கள். ஆர்த்தியிடம் போய், சத்தம் மட்டும் போகவில்லையே என்று பலராமன் கேட்டார். "சத்தம் இருந்துட்டுப் போவட்டும்ப்பா. வலி கொறையுதா, அதப் பாருங்க" என்றாள் அவள். அது அவருக்கு ஒரு மாதிரி அனுமதி கொடுத்தது போல இருந்தது.

கடையில் ஆசாரியைக் கூப்பிட்டுச் சட்டங்களை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினார். உயரமான ஸ்டூல் ஒன்று போட்டார். "இன்னா மாமா, கலெக்டர் மாதிரி ஒக்காந்துட்டே!" என்று மணிவேல் கேலி செய்தான். சட்டத்தைப் பெயர்த்தபோது நீலச் செருப்பை எடுக்க வேண்டி வந்தது. ஆசாரி அதைத் தூக்கி ஓரமாகப் போடப் போனான். பலராமன் வாங்கி, தூசியைத் துடைத்து, புதுச் சட்டத்தில் அதே மூன்றாவது வரிசையில் வைத்தார். டோக்கன் இன்னும் வரவில்லையே.

மூன்று பௌர்ணமிகள் போயின. நான்காவதன்று, ஆறு கிலோ குறைந்த உடம்போடு, விடிவதற்குள் அவர் கிளம்பினார். இடது கையில் தடி. காலில் மெத்தென்ற செருப்பு. கவிநிலா கூட வந்தாள்.

"ஊர் செருப்பெல்லாம் கழட்டி வாங்கி வெக்கற ஆளு, செருப்போட மலைய சுத்தப் போறாரு! அநியாயத்தப் பாருங்கய்யா!" என்று மணிவேல் தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

"நீ பூவுக்குத் தண்ணி தெளி போ" என்றார் பலராமன்.

ஆர்த்தி சொன்னபடி ஒவ்வொரு லிங்கத்திலும் பத்து நிமிடம் உட்கார்ந்தார். எம லிங்கத்துக்கு அப்பால் பாதை திரும்பியதும் வெயில் ஏறியது. அடி அண்ணாமலையில் மோர் குடித்தார்கள். முட்டி வலித்தது. ஆனால் நடக்கவிடாத வலி இல்லை. தடி இடது கைக்குப் போனதிலிருந்து வலது கை சும்மா தொங்கியது. அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மலைப்பக்கம் இருந்த அந்தக் கையில் காற்று படும்போதெல்லாம், யாரோ பக்கத்தில் வந்து விலகுவது போல இருந்தது.

குபேர லிங்கம் தாண்டினார்கள். இடுக்குப் பிள்ளையார் வந்தது. பலராமன் வழக்கம்போல முன்பக்க வாசலுக்கு எதிரே நின்றார். ஒரு பையன் வந்தான். இரண்டு பெண்கள் வந்தார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. உள்ளே யாரோ மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

பிறகு ஒரு கை வெளியே நீண்டது. கண்ணாடி வளையல். மணிக்கட்டில் மண்.

கவிநிலா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் எதையும் கேள்விப்பட்டதில்லை. அவர் அந்தக் கையைப் பற்றி அவளிடம் சொன்னதே இல்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டாள்.

"யாருங்க அங்க? கொஞ்சம் கையக் குடுங்க. முட்டி மடங்கல."

நின்றிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். பலராமன் இரண்டு அடி முன்னால் போனார். குந்த முடியாது. அதனால் இடது கையால் தடியை அழுத்தி ஊன்றி, இடுப்பை வளைத்து, வலது கையைக் கொடுத்தார். அந்தக் கை இறுகப் பிடித்தது. சூடாக இருந்தது. அவர் இழுத்தார். தோள் வந்தது, முகம் வந்தது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கனத்த உடம்பு, இதுவரை பார்க்காத முகம். அவள் எழுந்து நின்றபோது முட்டி நறநறத்தது.

"நல்லாருப்பீங்கண்ணா" என்று மண்ணைத் தட்டினாள்.

பலராமன் அவள் கையை விடவில்லை. "முட்டி வலிக்குதாம்மா? மாத்திரை போடறீங்களா?"

அவள் திகைத்து அவரைப் பார்த்தாள். "நடக்கற அன்னிக்கு மட்டும் போடுவேண்ணா."

"யாரு வாங்கித் தர்றாங்க?"

"மவன் வாங்கியாருவான். ஏன்?"

"வேற யாரும் வாங்கித் தர்றாங்களா? நல்லா யோசிச்சு சொல்லும்மா."

அந்தப் பெண் கையை மெல்ல உருவிக்கொண்டாள். பிறகு, "மருமவளும் ஒண்ணு தருவா" என்றாள்.

கவிநிலா முன்னால் வந்து அவளைப் பக்கத்துத் திண்டில் உட்கார வைத்தாள். பலராமன் ஆஸ்பத்திரியில் அந்த அறை எங்கே இருக்கிறது, எந்த நாளில் ஆர்த்தி இருப்பாள், இரண்டு அட்டையையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். தடியை எந்தக் கையில் பிடிப்பது என்று நடந்து காட்டினார். வயிறு எரிந்தால் சோடா குடித்துவிட்டுச் சும்மா இருக்காதீங்க என்று தடியைத் தரையில் தட்டிச் சொன்னார். அந்தப் பெண் பயந்துபோய்த் தலையாட்டினாள்.

அவள் போனதும் பலராமன் இன்னொரு தடவை வாசலுக்கு எதிரே போய் நின்றார். துளை இருட்டாக இருந்தது. பின்பக்கம் வரிசையில் நின்றவர்கள் இன்னும் நுழையவில்லை. வெகுநேரம் பார்த்தார். யாரும் வரவில்லை.

"போலாமாப்பா? இன்னும் ஈசானிய லிங்கம் ஒண்ணுதான்."

நடந்தார்கள். இடது ஓரமாக, வலப்பக்கத்தை விட்டுவிட்டு. அவர் முட்டி நறநறத்தது. அரை நொடி கழித்து இன்னொரு தடவை கேட்டது. கவிநிலா அவரைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். இருவரும் திரும்பவில்லை.

கொஞ்ச தூரம் போனதும், "கை வலிக்குதாப்பா?" என்று கேட்டாள்.

"இல்லியே."

"அப்புறம் ஏன் அத அப்படி வெச்சிருக்க?"

அப்போதுதான் பலராமன் கவனித்தார். அவருடைய வலது கை தொங்கவில்லை. மலைப்பக்கமாகக் கொஞ்சம் விலகி, உள்ளங்கை திறந்து, யாரோ பிடித்துக்கொள்ள வசதியாக நீட்டியபடி இருந்தது. அவர் அதை மடக்கவில்லை.